இருபத்துநாலு டியூப்களும் ஒரு சுண்ணாம்பு டப்பியும்

உங்களில் எத்தனை பேர் ஒரு நனோகாவியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்ததில்லை. மூன்றேகால் வருடம் அவற்றைச் செய்தேன், வடித்தேன், குளிர்ப்பெட்டியில் வைத்துக் காவல் காத்தேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. எதையும் எண்ணாமல் இருக்க முடியாத ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து எங்கள் ஆய்வறை வாசல்வரை எத்தனை அடி என்று கேளுங்கள், சொல்வேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. மழை நாளில் குட்டைகளைச் சுற்றிப் போனால் அறுநூற்று நாற்பது. ஆனால் ஒரு சொட்டு ஜெல்லுக்குள் எத்தனை காவிகள் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

இந்த ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி மட்டும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளில் குர்குமின் என்று ஒன்று இருக்கிறது. வீக்கத்தைத் தணிக்கும் என்று அதன்மேல் பலருக்கும் நம்பிக்கை. ஆனால் அது தண்ணீரில் கரையாது. தோலில் பூசினால் தோலை மஞ்சளாக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்பால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்து, அவற்றுக்குள் குர்குமினை ஏற்றி, ஜெல்லில் கலந்து பூசினால் உள்ளே இறங்குமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. குமிழிதான் காவி. குர்குமின் அதில் ஏறிப் போகும் பயணி.

அது போரின் கடைசி வருடங்கள். எங்கள் ஆய்வறை மிளகையும் சாதிக்காயையும் பார்த்து வந்த சின்ன இடம். இந்த வேலையை அங்கே கொண்டுவந்தவர் நசீரா மிஸ். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்து, கெம்பஸில் படித்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். என் மூத்த மகளைவிட நாலு மாதம் இளையவர். என்னை அங்கிள் என்பார். ஒப்பந்தம் முடியுமுன் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். வேலை தேறும் என்று கண்டால் அறை தொடரும். இல்லாவிட்டால் கருவிகளைப் பெட்டியில் போட்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், மிஸ்ஸும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குழு வரும் வெள்ளிக்கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு, இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலையில் நான் சொல்வேன். ஒரு நாளைக்காவது எண்ணாமல் இருக்கும்படி மிஸ் பல தடவை கெஞ்சியிருக்கிறார்.

குமிழி செய்யும் விதத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். கரண்ட் போகும் நாட்களில், குமிழியைச் சிறிதாக்கும் அதிர்வுத் தொட்டி பாதியில் நின்று ஒரு நாள் வேலை பாழாகும். அதோடு அந்தப் பேச்சு போதும். ஒரு சந்தோஷத்தை மட்டும் சொல்கிறேன். பயணி ஏறாத வெறும் குமிழிகளைத் தண்ணீரில் விட்டு ஜன்னலுக்கு நேரே பிடித்தால், பால் கழுவிய தண்ணீர் போல இருக்கும். குமிழி நன்றாகச் சிறுத்திருந்தால் அந்தப் பாலில் மெல்லிய நீலம் ஓடும். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாள் அரை மணி நேரம் ஜன்னலடியில் நின்றேன். மிஸ் வந்து, வெளிச்சத்தைக் குமிழிகள் சிதறடிப்பதால் வருகிறது என்று சொல்லிக்கொடுத்தார். எண்ண முடியாத பொருள் தன் இருப்பை நிறத்தால் சொல்கிறது என்று அன்று எழுதி வைத்தேன்.

எங்களைக் கவிழ்த்ததும் நிறம்தான்.

மனிதர்மேல் பூசிப் பார்க்கும் கட்டம் வந்தது. பாதிப் பேருக்குக் குர்குமின் ஏற்றிய ஜெல், மீதிப் பேருக்கு வெறும் குமிழி ஜெல். யாருக்கு எது என்று பூசுகிறவருக்கும் தெரியக்கூடாது, கேட்டு எழுதுகிற எங்களுக்கும் தெரியக்கூடாது. ஆனால் ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. வெள்ளையை மஞ்சளாக்கும் பொறுப்பை மிஸ் என்னிடம் கொடுத்தார். டவுனில் லட்டுக்குப் போடும் மஞ்சள் சாயத்தை வாங்கினேன். ஏழு தடவை கலந்து, ஏழாவது தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆய்வறையில் இருந்த எட்டுப் பேரிடமும் காட்டினேன். நாலு பேர் சரியாகச் சொன்னார்கள், நாலு பேர் பிழையாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. டியூப்களில் நிரப்பி, ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண் போட்டவர் எங்கள் தலைவர். எந்த எண்ணில் எது என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் மேசைக்குள் பூட்டிவைத்தார்.

லக்கலைக்குப் போகும் வழியில், மலை ஏறுமுன் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களில் மணிக்கட்டு வீங்கியவர்களாக இருபத்துநாலு பேரைத் தோட்டத்து மருத்துவ உதவியாளர் பொறுக்கித் தந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புள்ளக்காம்பராவில் கூடினார்கள். வேலை நாளில் குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. சம்மதக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியவன் நான். மிஸ் அந்த நேரம் தோட்டத்தை நடத்தும் தொரையைப் பார்த்து அனுமதிக்கு நன்றி சொல்ல ஒபிசுக்குப் போயிருந்தார்.

நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவருடைய டியூபை மற்றவர் தொடக்கூடாது. வேறு எண்ணெய், தைலம் எதுவும் பூசக்கூடாது. அடுத்த வரி இதுதான்: இவற்றில் பாதி டியூப்களில் மருந்து இல்லை.

அந்த வரிக்கு வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். இருபத்துநாலு முகங்கள். இதைச் சொன்னால் எத்தனை பேர் எழுந்து போவார்கள் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்துப் பேர் போனால்கூடச் சோதனை இல்லை. சோதனை இல்லாவிட்டால் நாட்காட்டியில் வட்டமிட்ட அந்த வெள்ளிக்கிழமை குழுவுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. என் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது: ‘டியூபுக்கு டியூப் மருந்து கூடக்குறைய இருக்கும்.’

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த கிழமை டியூப்களை எடுத்துக்கொண்டு போன கதையையும் சொல்ல வேண்டும். வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பெட்டியைத் திறந்த சிப்பாய், இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பெயர் இல்லாத, எண் மட்டும் போட்ட இருபத்துநாலு டியூப்கள். பாதியில் மருந்து இருக்கிறது, பாதியில் இல்லை, எதில் என்று எனக்குத் தெரியாது என்றேன். அந்த நாட்களில் ஒரு தமிழன் தெரியாது என்று சொல்லக்கூடாத இடம் அது. அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் வந்து, அப்படியானால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒபிசில் ஒரு பெரியவர் உறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்றேன். அதைச் சொன்னபோதே என் காது எனக்குச் சுட்டது. ஒன்றைப் பிதுக்கிக் காட்டு என்றார். ஒவ்வொன்றும் நிறுத்து வைத்தது, பிதுக்கினால் எடை போய்விடும் என்று நான் மன்றாடினேன். உயிர் பயத்தில் இருக்கிறவன் அப்படிப் பேசமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டார். கையில் இருந்த மாதிரிப் போத்தலிலிருந்து எடுத்து என் கழுத்திலும் முழங்கைவரையும் பூசிக் காட்டிய பிறகு விட்டார். தன் முழங்காலுக்கு ஒரு டியூப் கேட்டார். கணக்குக் குறையும், தரமுடியாது என்றேன். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, முழங்கைவரை மஞ்சளாக, இருபத்துநாலையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. சோதனையைக் கெடுக்கக்கூடிய எதுவும் வெளியிலிருந்துதான் வரும் என்று அன்று நினைத்திருந்தேன்.

வலியை அளக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் புள்ளக்காம்பராவில், மிஸ்ஸும் பக்கத்தில் இருக்க, ஒவ்வொருவர் முன்னும் ஐந்து புளியங்கொட்டைகளை வைப்பேன். வலியே இல்லையென்றால் ஒன்றையும் எடுக்கவேண்டாம். தாங்கவே முடியாதென்றால் ஐந்தையும் எடுத்து என் கையில் வைக்கவேண்டும். நாலு ஞாயிறு இப்படி எழுதினேன். பிறகு டியூப்களைத் திரும்ப வாங்கி ஆய்வறையில் நிறுத்தேன்.

இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, லயம் என்ற வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தவர்களின் டியூப்கள் கிட்டத்தட்ட ஒரே எடையில் இருந்தன. இரண்டு பேர் ஒரே அளவு பிதுக்கிப் பூசுவது நடக்கும். ஏழு சோடிகள் அப்படி இருந்தால் யோசிக்க வேண்டும். மற்றது, ஒன்பது டியூப்களின் வாயில் செங்கல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஜெல் பழுதாகிவிட்டதோ என்று மிஸ்ஸிடம் காட்டினேன். அவருக்கும் பயம் வந்தது. ஆனால் குழு வர ஐந்து நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை தலைவர் உறையைப் பிரித்தார். மிஸ் பட்டியலைப் பார்த்துப் புளியங்கொட்டைகளைக் கூட்டினார். மருந்து பூசியவர்கள் வாரத்துக்கு வாரம் குறைத்து எடுத்திருந்தார்கள். வெறும் ஜெல் பூசியவர்கள் குறைக்கவே இல்லை, சிலர் கூட்டியும் இருந்தார்கள். இரண்டு கோடுகளும் கத்திரிக்கோல் திறந்ததுபோல விலகிப் போயின. அவ்வளவு அழகான வரைபடத்தை நான் அந்த அறையில் பார்த்ததே இல்லை. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

நான் தேநீரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் டியூப்களை எடுத்துப் பார்த்தேன். செங்கல் நிறம் படிந்த ஒன்பது டியூப்களும் மருந்துப் பக்கத்தில்தான் இருந்தன. சாயம் போட்ட பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. குர்குமின் பழுதானால் வெளிறும், சிவக்காது. அது சிவப்பது, அமிலத்துக்கு எதிரான காரம் பட்டால். எங்கள் ஜெல்லில் காரம் இல்லை. காரம் எங்கிருந்து வந்தது? திங்கள் முழுக்க இதே யோசனை. செவ்வாய் முழுக்கவும் இதே. சவுக்காரமாக இருக்கலாம் என்று தோன்றியது. கை கழுவிய சவுக்காரத்தோடு டியூபைப் பிடித்திருப்பார்கள். அதைக் கேட்டுத் தெளிவாகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று புதன்கிழமை லீவு போட்டு, இரண்டு ஜெல்லிலும் கொஞ்சம் குப்பிகளில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மற்றவர்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் இருந்தவர் மாரியாயி ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும், எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவர். மணிக்கட்டு வீங்கி அன்று வேலைக்குப் போகாமல் காம்பரா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் சவுக்காரத்தைப் பற்றிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். ‘சவுக்காரமில்லைங்க ஐயா, சுண்ணாம்பு.’

என் கையில் இருந்த குப்பிகளை வாங்கினார். உள்ளங்கையில் இரண்டு ஜெல்லையும் தனித்தனியாக ஒரு துளி வைத்தார். டப்பியிலிருந்து சுண்ணாம்பை நுனி விரலில் தொட்டு இரண்டிலும் தடவினார். ஒன்று அப்படியே மஞ்சளாக இருந்தது. மற்றது என் கண் முன்னால் இரத்தச் சிவப்பானது.

‘இது மஞ்ச. இது லட்டுச் சாயம். ஆலாத்தி கரைக்கிறவங்களுக்கு இது தெரியாதுங்களா?’

நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன். என் கல்யாணத்தில், என் மூன்று பிள்ளைகளுக்கு, பிறகு பேரனுக்கு என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை என் கண் முன்னாலேயே எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறார்கள். ஆய்வறையில் எட்டுப் பேரிடம் காட்டிச் சோதித்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த எட்டுப் பேரில் வெற்றிலை போடுகிறவர் ஒருவரும் இல்லை.

நடந்ததை மாரியாயி சொன்னார். இரண்டாம் நாளே ஒருத்தியின் கட்டைவிரலில் இருந்த சுண்ணாம்பு பட்டு டியூப் வாய் சிவந்திருக்கிறது. பிறகு சுண்ணாம்பு டப்பி லயம் லயமாகப் போய்வந்திருக்கிறது. யாருக்கு மஞ்சள், யாருக்குச் சாயம் என்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாரியாயிக்குக் கிடைத்தது சாயம்.

‘கூடக்கொறைய இருக்கும்னீங்க. எனக்குக் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.’

பக்கத்துக் காம்பராவிலிருந்து கொஞ்சம் வாங்கிப் பூசியிருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

‘ஒருத்தரு டியூப ஒருத்தரு தொடக்கூடாதுன்னு மூணு தடவ சொன்னீங்க. வேற எண்ணெய் பூசக்கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னீங்க. நாலு கெழமையா வெறுங்கையோட கொழுந்தெடுத்தேன். எட கொறஞ்சு ஆறு நாளு அரப்பேரு போட்டு அர நாள் சம்பளந்தான் குடுத்தாங்க. பாதியில மருந்து இல்லங்கிறத ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல ஐயா.’

அவர் சொன்ன எண்ணிக்கை சரி. மூன்று தடவை, இரண்டு தடவை. நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தபோது என்னை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

டியூப் எடைகளையும் அவரே விளக்கினார். பூசாமல் நிறைந்தபடி திருப்பிக் கொடுத்தால் நான் ஏசுவேன் என்று பயந்து, பக்கத்து டியூப் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு, கழிவுத் தண்ணீர் ஓடும் கானில் பிதுக்கிவிட்டிருக்கிறார்கள். மருந்து கிடைத்தவர்கள், மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கொட்டையைக் குறைத்து எடுத்திருக்கிறார்கள். சாயம் கிடைத்தவர்களுக்கு எரிச்சல். மாரியாயி நாலாவது ஞாயிறு ஐந்தையும் எடுத்து என் கையில் வைத்தது எனக்கு நினைவிருந்தது. உண்மையில் வலி ஐந்துதானா என்று கேட்டேன்.

‘மூணு இருக்கும்’ என்றார். ‘ரெண்டு ஐயாவுக்கு.’

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றையும் எண்ணவில்லை. அந்த அழகான கத்திரிக்கோல் வரைபடம் வலியை அளக்கவே இல்லை. இருபத்துநாலு பெண்களின் பெருந்தன்மையையும் கோபத்தையும் அளந்திருக்கிறது. இதை நான் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியப் போவதில்லை. குழு பாராட்டிவிட்டுப் போகும். அறை தொடரும். மிஸ்ஸின் ஒப்பந்தம் நீளும். என் மகள் வயதுப் பெண்ணின் வேலையை என் வாயால் பறிப்பதா என்ற கேள்வி நான் இறங்கவேண்டிய இடம்வரை கூடவே வந்தது. நீங்கள் புத்தகத்தில் படிக்கும் நேர்மை, அந்த மாதிரி நேரத்தில் மிகவும் மெலிந்த குரலில்தான் பேசும்.

வியாழக்கிழமை காலை மிஸ்ஸிடம் சொன்னேன். சுண்ணாம்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

‘இது வேற யாருக்குத் தெரியும் அங்கிள்?’

‘தோட்டத்தில இருபத்துநாலு பேருக்கு. இங்க ரெண்டு பேருக்கு.’

அழுவார் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது தடவையும் தானே சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். எவ்வளவு வேகமாகச் சிவக்கிறது பாருங்கள், இது குமிழிக்கு வெளியே தங்கிய குர்குமினா, குமிழியைச் சுண்ணாம்பு உடைக்கிறதா என்று கேட்டார். வேலை போகப்போகிற நேரத்தில் அப்படிக் கேட்ட ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அந்தக் கேள்விதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. புள்ளக்காம்பராவில் அந்த வரியை நான் மாற்றிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸின் முகம் மாறியது.

‘சுண்ணாம்பு யாருக்கும் தோணியிருக்காது. அத விடுங்க. இது நீங்க செஞ்சது.’

கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று பயந்ததாகச் சொன்னேன்.

‘கேட்டுப் பாத்தீங்களா?’

இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். மிஸ் வரைபடத்தைக் காட்டினார். காட்டிவிட்டு, இது பிழை என்றார். பிறகு மேசைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்துச் சுண்ணாம்பைத் தொட்டார். நான் எழுந்து, சம்மதக் கடிதத்தில் ஒரு வரியை மாற்றிப் படித்தவன் நான், மிஸ்ஸுக்கு அது தெரியாது என்றேன். நால்வரில் மூத்தவர் சுண்ணாம்பைக் கேட்டு வாங்கித் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார்கள். மூன்று மாதம் தருகிறோம். முழு உண்மையையும் சொல்லி, குறைந்தது இருபது பேரின் கணக்கோடு புதிதாகச் செய்யுங்கள். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் அறையை மூடுவோம்.

இந்த முறை ஜெல் இரண்டையும் சர்பத்துக்குப் போடும் சிவப்பால் சாயமிட்டேன். சுண்ணாம்பு பட்டாலும் பட்டாவிட்டாலும் சிவப்புத்தான். எண் போடுவதும் பட்டியலைப் பூட்டுவதும் முன்போலத் தலைவர் பொறுப்பு. ஆனால் டியூப் இரண்டாம் காரியம். முதலில் அந்த வரியைச் சொல்ல வேண்டும். மிஸ்ஸும் நானும் வேனில் போனோம். அதே புள்ளக்காம்பரா, அதே இருபத்துநாலு பேர். மிஸ் இந்தத் தடவை என் பக்கத்திலேயே நின்றார்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த வரியைப் படித்தேன். பாதி டியூப்களில் மருந்து இல்லை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது. மருந்து இருந்தாலும் அது வேலை செய்யுமா என்பது ஒருவருக்கும் தெரியாது, அதைத்தான் பார்க்கிறோம். இதையே மூன்று தடவை சொன்னேன்.

யாரோ ஒருவர் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் இன்னொருவர். நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதின்மூன்று பேர் போனார்கள். மீதி பதினொன்று. மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரியாயி போகவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, மிஸ்ஸைப் பார்த்துத்தான் கேட்டார்.

‘சாயம் வந்தவளுக்குப் பொறகு மருந்து குடுப்பீங்களா?’

மிஸ் புரியாமல் பார்த்தார்.

‘பீலியில தண்ணி புடிக்க நாங்க மொற வச்சுக்கிறோம்ல, அந்த மாதிரி. கொஞ்ச நாளைக்கு இது, கொஞ்ச நாளைக்கு அது. எல்லாருக்கும் ரெண்டும் வரட்டும். எது மொதல்லன்னு மட்டும் தெரியாம இருக்கட்டும். அப்ப யாருக்கும் வயித்தெரிச்சல் இல்ல.’

மிஸ் பையைத் திறந்து பேனாவை எடுத்தார். சம்மதக் கடிதத்தின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஏதோ போட்டார். நடுவில் சில நாள் ஒன்றும் பூசாமல் விடவேண்டும் என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில், சுண்ணாம்பை மூன்றாவது தடவை தொட்டுப் பார்த்த அன்று இருந்த அதே பார்வை வந்தது.

‘அங்கிள், ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவ வாராங்க. ஒரு தடவ மருந்தோட, ஒரு தடவ இல்லாம. பதினொண்ணு ரெண்டு தடவ.’

இருபத்திரண்டு. குழு கேட்டது இருபது பேரின் கணக்கு. அதைவிட முக்கியமாக, ஒருத்தியின் மணிக்கட்டை வேறொருத்தியின் மணிக்கட்டோடு ஒப்பிடவேண்டிய அவசியமே இல்லை. அவளை அவளோடுதான் ஒப்பிடப் போகிறோம். இப்படி முறைமாற்றிச் செய்யும் வழி புத்தகங்களில் முன்பே இருக்கிறது, நீங்கள் படித்திருப்பீர்கள். மிஸ்ஸும் படித்திருந்தார். படித்தது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மாரியாயி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வலி தாங்காவிட்டால் பழைய எண்ணெயைப் பூசலாம், எந்த நாளிலும் விலகலாம் என்று எழுதித் தரச் சொன்னார். வாயால் சொன்னேன். வாயால் சொன்னது போதும், எழுதுங்கள் என்றார். எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார், ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு தன் பெயரை நிதானமாக எழுதினார். அவருக்குப் பிறகு மற்றப் பத்துப் பேரும் எழுதினார்கள்.

நாங்கள் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார். ‘சுண்ணாம்பு வச்சுப் பாக்க மாட்டோம் ஐயா. அப்பிடியும் எப்பிடியாச்சும் தெரிஞ்சுபோச்சுன்னா, தெரிஞ்சதச் சொல்லிருவோம்.’

அந்த வார்த்தையை வேனில் நெடுநேரம் யோசித்தேன். தெரிந்துவிட்டால் சொல்வார்கள். நான் எப்போதாவது கேட்டேனா? அன்றே பதிவுத்தாளில் ஒரு புதிய கட்டத்துக்குக் கோடு போட்டேன். ‘உங்களுக்கு எது என்று தெரிந்துவிட்டதா? எப்படித் தெரிந்தது?’ ஞாயிறுதோறும் புளியங்கொட்டையை வைக்குமுன் இதைக் கேட்கவேண்டும். உங்கள் தாள்களில் அந்தக் கட்டம் இல்லையென்றால் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

பதினொரு பேரை இருபத்திரண்டாக எண்ணிய கணக்கைக் குழு ஒப்புக்கொண்டதா என்று கேட்பீர்கள். ஒப்புக்கொண்டது. பதில் வர ஒன்பது நாள் எடுத்தது, ஒன்பதையும் எண்ணினேன். சோதனையின் முடிவு கத்திரிக்கோல் போல வரவில்லை. இரண்டு கோடுகளும் பக்கத்துப் பக்கத்தில் போய், கடைசியில் கொஞ்சம் விலகின. அது குமிழியின் வேலையா, பதினொரு பேர் என்ற சின்ன எண்ணிக்கையின் விளையாட்டா என்று சொல்லமுடியாது என்று மிஸ் அப்படியே எழுதினார். அறை இன்னும் ஒரு வருடம் தொடர்ந்தது. அந்த வருடத்தோடு நான் ஓய்வு பெற்றேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது அந்த முடிவு அல்ல. மூன்றாவது ஞாயிறு. மாரியாயி முன்னால் உட்கார்ந்து, புதிய கட்டத்தில் எழுதுவதற்காக, உங்களுக்கு எது என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘தெரியல. ஒங்களுக்கு?’

‘எனக்கும் தெரியாது’ என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, ‘சரி, எழுதிக்கங்க’ என்றார்.